கூடு கலைந்த கருடனும் கூண்டுக் கிளியும்

கடிதத்தின் சுருக்கம்:

காவிரிக் கடைமடைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவர் கத்தாரில் வேலை பார்க்கிறார். வீட்டில் மாமியார், பிளஸ் ஒன் படிக்கும் 16 வயது மகன். பக்கத்திலேயே கொழுந்தனார் குடும்பம். ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. அங்கே குளத்தோரத்து மரம் ஒன்றில் போன வருடமும் இந்த வருடமும் செம்பருந்து கூடு கட்டியது. ஊரில் அதைக் கருடன் என்பார்கள். இந்த முறை காய் பறிக்க ஏறியவர் மீது பருந்து பாய்ந்து பிறாண்ட, அவர் பிடி நழுவி விழுந்து தோள்பட்டை விலகிவிட்டது. அதற்கப்புறம் மரமேற யாரும் வரவில்லை. பக்கத்துத் தோப்புக்காரர், தன் நாட்டுக்கோழிக் குஞ்சுகளைப் பருந்து தூக்குகிறது என்று சண்டைக்கு வந்து, "நீங்க கூட்டைக் கலைக்கலைன்னா நான் கருவாட்டுல மருந்து வைப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

வாசகியும் அலுத்துப்போய், "ஏதாவது பண்ணித் தொலைங்க" என்று சொல்ல, கொழுந்தனார் ஆள் வைத்து, மூங்கிலில் அரிவாள் கட்டிக் கூட்டைத் தள்ளிவிட்டார். இரண்டு குஞ்சுகளில் ஒன்று செத்துவிட்டது. அதை மரத்தடியிலேயே புதைத்துவிட்டார்கள். மற்றொன்றை மகன் எடுத்துவந்து பஞ்சாரத்தில் வைத்து மீன் கொடுத்து வளர்க்கிறான். ஒன்பது நாளாகிறது. தாயும் தகப்பனும் இன்னும் அந்த மரத்தையே சுற்றுகின்றன. மகன் போட்ட ரீல்ஸ் எக்கச்சக்கமாக ஓடி, யாரோ ஒருவர் "என்ன விலை?" என்று செய்தி அனுப்பியிருக்கிறார். வீடியோவைப் பார்த்த உறவினர் ஒருவர், "பையன் ஜெயிலுக்குப் போவான். குஞ்சை ராத்திரியோடு ராத்திரியாக எங்காவது விட்டுவிட்டு, வீடியோவை அழித்துவிடுங்கள்" என்று பயமுறுத்தியிருக்கிறார். கருடனைக் காப்பாற்றுவது புண்ணியம், இதில் கேள்வி கேட்க யார் இருக்கிறார்கள் என்கிறார் மாமியார்.

"மரம் எங்களுடையது, பட்டா எங்கள் பெயரில் இருக்கிறது. எங்கள் மரத்துக் கூட்டைக் கலைத்தது எப்படிக் குற்றமாகும்? பத்து வருடமாக வீட்டில் கிளி வளர்க்கிறோம். பறவைக்குக் கெடுதல் நினைக்கிற குடும்பமில்லை நாங்கள்" என்று எழுதியிருக்கிறார். இப்போது என்ன செய்வது என்பதுதான் அவருடைய கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

(உங்களுக்கு இந்தப் பதில் வாட்ஸ்அப்பில் முன்பே வந்திருக்கும். இதே மாதிரிச் சிக்கலில் இருப்பவர்களுக்காக, அடையாளங்களை நீக்கி இங்கேயும் வெளியிடுகிறோம்.)

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். காரணங்களை அப்புறம் பேசலாம். இதைப் படித்த கையோடு உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்துக்குப் போன் செய்து, "கூட்டிலிருந்து விழுந்த செம்பருந்துக் குஞ்சு எங்களிடம் இருக்கிறது, ஒப்படைக்க வேண்டும்" என்று சொல்லுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். வனத்துறை உங்கள் வீடு தேடி வருவதற்கும், நீங்களாகவே அவர்களைக் கூப்பிடுவதற்கும் சட்டத்தின் பார்வையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அந்த ரீல்ஸ் ஓடிய ஓட்டத்துக்கு, இன்னும் யாரும் வரவில்லை என்பதே ஆச்சரியம்.

மரம் உங்களுடையது, கூடு உங்களுடையதல்ல

பட்டா உங்கள் பெயரில் இருந்தால் நிலமும் மரமும் காயும் உங்களுடையவை. மரத்தின் மேல் குடியிருக்கும் காட்டுப்பறவைக்கு அந்தப் பட்டா செல்லாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. அது காட்டுக்குள் மட்டும்தான் பொருந்தும், சரணாலயத்தில் மட்டும்தான் பொருந்தும் என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் கேள்வியிலும் அந்த எண்ணம் தெரிகிறது. தோப்பு, வீட்டு மொட்டை மாடி, செல்போன் டவர், கோயில் கோபுரம் என்று பறவை எங்கே இருந்தாலும் சட்டம் அதோடு சேர்ந்தே வருகிறது.

அடுத்தது, வேட்டை என்றால் என்ன என்பது. நம் மனசில் வேட்டை என்றால் துப்பாக்கியும் கண்ணியும்தான். சட்டத்தின் 2(16)-வது பிரிவு அதைவிட அகலமானது. கொல்வது, விஷம் வைப்பது, பிடிப்பது, காயப்படுத்துவது எல்லாமே வேட்டை. இவற்றைச் செய்ய முயற்சி செய்வதும் வேட்டைதான். பறவைகளுக்கென்று தனியாக இன்னொன்றும் அங்கே இருக்கிறது: முட்டைகளைச் சேதப்படுத்துவது, முட்டையையோ கூட்டையோ கலைப்பது. ஆக, மூங்கிலால் கூட்டைத் தள்ளியது சட்டத்தின் கண்ணில் வேட்டை. அதில் ஒரு குஞ்சு செத்தது அதை இன்னும் கனமாக்குகிறது.

2022-ல் இந்தச் சட்டத்தில் பெரிய திருத்தம் வந்து, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. விலங்கு, பறவைகளுக்கான அட்டவணைகளைச் சுருக்கி, அதிகப் பாதுகாப்பு தேவைப்படுபவற்றை முதல் அட்டவணையிலும் மற்றவற்றை இரண்டாம் அட்டவணையிலும் வைத்தார்கள். செம்பருந்து முதல் அட்டவணையில் இருக்கிறது. மயிலும் அதில்தான். முதல் அட்டவணை உயிரினத்தை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. இரண்டாம் அட்டவணை என்றால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு காலத்தில் தொல்லை தரும் பிராணிகள் என்று ஒதுக்கிவைத்திருந்த ஐந்தாம் அட்டவணையில் காகம் இருந்தது. அந்த அட்டவணையே இப்போது இல்லை.

தோப்பில் காய் பறிக்க முடியாத எரிச்சலில் கூட்டைத் தள்ளியவருக்கும், திட்டம் போட்டுக் கடத்துகிறவருக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனை வைத்திருப்பதில் எனக்குத் தனிப்பட்ட முறையில் உடன்பாடில்லை. நீதிபதியின் கையை இந்த அளவுக்குக் கட்டியிருக்க வேண்டாம். ஆனால் நீங்கள் என்னிடம் கேட்டது சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்றல்ல. இன்றைக்கு இருப்பது இதுதான்.

உங்கள் மகனைப் பற்றி

இதுதான் உங்களைத் தூங்கவிடாத கேள்வி என்று தெரிகிறது. அவனுக்கு வயது 16. பதினெட்டு நிரம்பாத யாரையும் நம் நாட்டில் சிறைக்கு அனுப்புவதில்லை. விஷயம் வழக்காகவே போனாலும் சிறார் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும். உறவினர் சொன்ன ஜெயில் பேச்சை விடுங்கள்.

அவன் செய்ததில் இரண்டு பகுதி இருக்கிறது. விழுந்து கிடந்த குஞ்சை எடுத்தது ஒன்று. அதில் தப்பில்லை, எடுக்காமல் போயிருந்தால் நாயோ கீரியோ கொண்டுபோயிருக்கும். எடுத்தபின் யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டது இரண்டாவது. சட்டத்தை மீறி வேட்டையாடப்பட்ட காட்டுயிர் அரசின் சொத்து என்கிறது 39-வது பிரிவு. அப்படி ஒன்று கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ வனத்துறை அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. தாண்டியதை இல்லையென்று ஆக்க முடியாது. ஆனால் ஒன்பதாம் நாள் தானாக வந்து ஒப்படைப்பதையும், ஆறு மாதம் கழித்து ரெய்டில் பிடிபடுவதையும் எந்த அதிகாரியும் எந்த நீதிமன்றமும் ஒன்றாகப் பார்க்காது.

"அன்பாகத்தானே வளர்க்கிறான்" என்ற வாதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உத்தரப்பிரதேசத்தில் ஒரு சம்பவம் நடந்தது. அமேட்டி மாவட்டத்தில் ஒருவர் 2022-ல் வயலில் கால் அடிபட்டுக் கிடந்த சாரஸ் கொக்கைத் தூக்கிவந்து குணப்படுத்தினார். அதை அவர் கட்டிப்போடவில்லை, கூண்டில் அடைக்கவும் இல்லை. அதுவாகவே அவர் பைக்குக்குப் பின்னால் பறந்து வந்தது. அந்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது. 2023 மார்ச்சில் வனத்துறை கொக்கைச் சரணாலயத்துக்கு எடுத்துப்போனது, அங்கிருந்து அது கான்பூர் உயிரியல் பூங்காவுக்குப் போனது. காப்பாற்றியவர் மீது வழக்கு. பலருக்கு அது அநியாயமாகத் தெரிந்தது, பெரிய அரசியல் சர்ச்சையும் ஆனது. எனக்கும் மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் சட்டம் பார்ப்பது காட்டுயிர் யார் வசம் இருக்கிறது, அனுமதி இருக்கிறதா என்ற இரண்டை மட்டும். உங்கள் மகன் விஷயத்தில் அதே ரீல்ஸ்தான் ஆபத்து, அதே ரீல்ஸ்தான் சாட்சியும்.

ஆகவே வீடியோவை அழிக்காதீர்கள். பொதுவில் தெரியாதபடி மறைத்துவையுங்கள், புதிதாக எதுவும் போட வேண்டாம், ஆனால் ஒரு நகல் போனில் இருக்கட்டும். அவன் குஞ்சுக்கு மீன் ஊட்டுவது, எந்தத் தேதியில் எடுத்தான் என்பது எல்லாம் அதில் இருக்கிறது. அழித்தால், சாட்சியத்தை மறைத்தார்கள் என்ற புதுக் குற்றச்சாட்டுக்கு நீங்களே இடம் கொடுத்ததாகும். அழித்தாலும் ஆயிரம் பேர் போனில் அது இருக்கத்தான் போகிறது. அதே காரணத்தால், "நேற்றுதான் கிடைத்தது" என்று சொல்லிவிடலாம் என்ற யோசனை வந்தால் அதையும் தள்ளிவிடுங்கள்.

விலை கேட்டவருக்குப் பதில் போட வேண்டாம். விளையாட்டுக்குக்கூட ஒரு தொகை சொல்ல வேண்டாம் என்று பையனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். தொகை பேசிய நிமிஷத்தில் விஷயம் வளர்ப்பிலிருந்து வியாபாரத்துக்கு மாறிவிடும், அப்புறம் காப்பாற்றினேன் என்று யாரும் நம்ப மாட்டார்கள். அந்தச் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வனச்சரகரிடம் கொடுங்கள்.

குஞ்சு பிழைக்க ஒரு வழி இருக்கிறது

உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தந்த வரி, பெரிய பறவைகள் இரண்டும் இன்னும் அந்த மரத்தைச் சுற்றுகின்றன என்பது. போனில் பேசும்போது இதை மறக்காமல் சொல்லுங்கள். கூடு விழுந்துபோன இடத்திலேயே ஒரு கூடையை உயரத்தில் கட்டி, குஞ்சை அதில் வைத்து, பெற்றோர் வந்து இரை கொடுக்கிறதா என்று தூரத்திலிருந்து கவனிப்பது பருந்து, கழுகு போன்ற பறவைகளை மீட்பவர்கள் கையாளும் முறை. மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் சேர்க்காது என்று நம் ஊரில் சொல்வதை நம்பாதீர்கள். பறவைகளைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மையில்லை. இத்தனை நாள் இடைவெளிக்குப் பிறகு இது சரிவருமா என்பதைக் குஞ்சை நேரில் பார்க்கும் கால்நடை மருத்துவரும் வனத்துறையும்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களாகவே மரத்தில் ஏற்றிவைத்துப் பார்க்காதீர்கள்.

உறவினர் சொன்னபடி ராத்திரியில் எங்காவது விட்டுவிடுவது மட்டும் கூடவே கூடாது. பறக்கத் தெரியாத குஞ்சை விட்டுவருவது அதைக் கொல்வதற்குச் சமம். மாமியார் சொல்கிற புண்ணியமும் அதில் சேராது. அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: கும்பாபிஷேகத்தில் கலசத்துக்கு மேலே வட்டமிடும் கருடனைப் பார்த்துத்தானே கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம், பஞ்சாரத்துக்குள் இருப்பதைப் பார்த்து இல்லையே. மனிதர் கையில் வளர்ந்த குஞ்சுக்கு மனிதரிடம் பயம் போய்விடும், இரை தேடப் பழக ஆள் இருக்காது. நாளாக ஆக, திரும்பப் பறந்துபோகும் வாய்ப்பு குறையும்.

வனத்துறையினர் வரும்வரை, காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து, இருட்டான, சத்தமில்லாத மூலையில் வையுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். பால், சோறு, பிஸ்கட் எதுவும் வேண்டாம். தெருப் பிள்ளைகள் வந்து பார்ப்பதை நிறுத்துங்கள்.

ஒப்படைக்கும்போது

வெறுங்கையோடு கொடுத்துவிட்டு வராதீர்கள். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: குஞ்சு எந்தத் தேதியில், எந்த இடத்தில் கிடைத்தது, யார் எடுத்தது, என்ன உணவு கொடுக்கப்பட்டது, இப்போது என்ன நிலையில் இருக்கிறது, எந்தத் தேதியில் ஒப்படைக்கிறீர்கள். இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் கையொப்பமும் அலுவலக முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குஞ்சை எடுத்த நிலையிலும் பெட்டியில் வைத்த நிலையிலும் ஒரு போட்டோ இருக்கட்டும். செத்த குஞ்சைப் பற்றிக் கேட்டால் எங்கே புதைத்தீர்கள் என்பதைக் காட்டுங்கள். தோண்டி வேறு இடத்துக்கு மாற்ற நினைக்க வேண்டாம்.

இனி கூடு எப்படி விழுந்தது என்ற கேள்வி வரும். இங்கேதான் நீங்கள் நிதானமாக இருக்க வேண்டும். கூட்டைத் தள்ள ஆள் வைத்தது கொழுந்தனார். தூண்டியவரையும் செய்தவராகவே பாவிக்கிறது 52-வது பிரிவு. அதனால் "நான் கை வைக்கவில்லை, கூலிக்காரர்தான் தள்ளினார்" என்ற பதில் அவருக்கு உதவாது. நீங்கள் அலுப்பில் சொன்ன வார்த்தையையும் ஒருவர் அந்தக் கோணத்தில் பார்க்க முடியும். அது அவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை. இருந்தாலும் அந்த வார்த்தையை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்.

பொய் சொல்லுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். "காற்றில் விழுந்தது" என்று எழுதிக் கொடுத்து, நாளைக்கு அந்தக் கூலிக்காரர் வேறு மாதிரிச் சொன்னால், உங்கள் மற்ற எல்லா வார்த்தையும் சந்தேகத்துக்குள்ளாகும், பையனுக்காகச் சொன்னதும் சேர்த்து. ஆனால் தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்ற உரிமை அரசியலமைப்பின் 20(3)-வது பிரிவில் இருக்கிறது. வழக்கறிஞரைக் கலந்துகொண்டு பதில் சொல்கிறேன் என்று மரியாதையாகச் சொல்லலாம். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலம் மாதிரி இதுவும் நீதிமன்றத்தில் செல்லாதுதானே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 50-வது பிரிவில், உதவி வனப் பாதுகாவலர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி, குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில் பதிவு செய்யும் சாட்சியம் பின்னால் விசாரணையிலும் செல்லும்.

கொழுந்தனார் உங்களோடு சேர்ந்து ஒரே வழக்கறிஞரைப் பார்க்காமல், தனியாக ஒருவரைப் பார்ப்பது நல்லது. உங்கள் நலனும் அவர் நலனும் இந்த இடத்தில் ஒன்றல்ல. கைது வரும் என்று தோன்றினால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 482-வது பிரிவில் முன்ஜாமீன் கேட்கலாம். இதற்கு முன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் தண்டனை பெறாதவருக்கு ஜாமீனே கிடைக்காது என்பது மிகை. குடும்பத்துக்குள் இதைப் பேசுவது எவ்வளவு சங்கடம் என்று தெரியும். கணவரிடம் போனில் பேசி, அவர் தம்பியிடம் அவரே சொல்லும்படி செய்தால் உங்களுக்குப் பாரம் குறையும்.

பக்கத்துத் தோப்புக்காரரின் மருந்து

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய இந்த விஷயம்தான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. கூடு போய்விட்டது, அவர் கோபம் போகவில்லை. பெரிய பறவைகள் இரண்டும் அங்கேதான் இருக்கின்றன.

கருவாட்டில் வைத்த மருந்து யார் வாய்க்குப் போகும் என்று வைத்தவருக்கே தெரியாது. காகம் தின்னும், தெருநாய் தின்னும், செத்ததைத் தின்ன வருவதும் சாகும். குளத்தோரத்தில் விளையாடும் குழந்தை அதைத் தொட்டால் என்ன ஆகும்? வைத்து ஒரு பறவையும் சாகாவிட்டாலும், விஷம் வைக்கும் முயற்சியே வேட்டை என்று மேலே சொன்னேன். யாருடைய நாயோ ஆடோ மாடோ செத்தால் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவும் சேரும், அதற்கு 5 ஆண்டு வரை சிறை. மிரட்டியதை உடனே வழக்காக்கச் சொல்லவில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவரை வைத்து, இந்தத் தண்டனை விவரத்தை அவர் காதில் போட்டுவிடுங்கள். அதன் பிறகும் அவர் மருந்து வைத்தால் போட்டோவுடன் வனத்துறைக்குத் தெரிவியுங்கள். அவர்கள் அசையாவிட்டால், 60 நாள் நோட்டீஸ் கொடுத்துத் தனிநபரே நேரடியாக நீதிமன்றத்தில் புகார் செய்ய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 55-வது பிரிவில் வழி இருக்கிறது.

அவருடைய நஷ்டமும் நிஜம்தான். ஆனால் ஆள் மாறிப்போயிருக்கலாம். செம்பருந்துக்கு முக்கிய இரை மீன், நண்டு, செத்துக் கிடப்பவை. கோழிக்குஞ்சைக் குறிவைத்துத் தூக்குவதில் வல்லூறும் கரும்பருந்தும் கெட்டிக்காரர்கள். காகத்தையும் கீரியையும் விட்டுவிட முடியாது. கம்பி வலை போட்ட கூரையின் கீழ் குஞ்சுகளைச் சில வாரம் வளர்த்து வெளியே விட்டால் இந்த எல்லாவற்றிடமிருந்தும் தப்பிக்கும். மெல்லிய மீன்வலையை விரித்துக் கட்ட வேண்டாம், அதில் பறவைகள் சிக்கிச் சாகும். அதுவும் வம்புதான்.

அடுத்த வருடம் காய் பறிப்பது எப்படி

இதே ஜோடி அடுத்த வருடமும் உங்கள் தோப்புக்கே வரலாம். தென்னிந்தியாவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை இவை கூடு கட்டும் காலம். வழக்கமாக இரண்டு முட்டை, அடைகாக்கக் கிட்டத்தட்ட நான்கு வாரம், குஞ்சு பறக்க இன்னும் ஏழெட்டு வாரம். சுமார் மூன்று மாதம். 45 நாளுக்கு ஒரு பறிப்பு என்று வைத்துக்கொண்டால், கூடு இருக்கும் மரத்திலும் அதை ஒட்டிய நாலைந்து மரங்களிலும் இரண்டு பறிப்பை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். அந்த மரங்களைச் சுற்றிக் கயிறு கட்டி, கீழே யாரும் நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற மரங்களில் ஏறுகிறவருக்கு ஒரு ஹெல்மெட்டும், கீழே நின்று பருந்தைக் கவனித்துக் குரல் கொடுக்க ஒரு ஆளும் போதும்.

ஏறியவரைப் பருந்து தாக்கும்போது அவர் கையை வீசித் தடுத்து, அதில் பறவைக்கு அடிபட்டால் குற்றமில்லை. தற்காப்புக்காக நல்லெண்ணத்தோடு செய்ததை 11(2) பிரிவு மன்னிக்கிறது. கூட்டைக் கலைக்க ஏறிய இடத்தில் பருந்து பாய்ந்தது, அதனால் அடித்தேன் என்றால் அந்தச் சலுகை இல்லை. முதல் அட்டவணைப் பறவையை அகற்ற அனுமதி கேட்டாலும், மனித உயிருக்கு ஆபத்து என்று தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்தில் காரணம் சொல்லி உத்தரவு போட வேண்டும். காய் நஷ்டம், கோழி நஷ்டம் போதாது. குஞ்சுகள் பறந்துபோன பிறகு காலிக் கூட்டை மட்டை கழிக்கும்போது எடுக்கலாமா என்று கேட்பீர்கள். சட்டத்தில் 'கூடு' என்றுதான் இருக்கிறது, காலிக் கூட்டுக்கு விலக்கு எழுதவில்லை. வனச்சரகருக்கு ஒரு வரி எழுதிக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

விழுந்தவரின் வைத்தியச் செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டதாக எழுதியிருந்தீர்கள், நல்லது. ரசீதுகளை வைத்துக்கொள்ளுங்கள். தென்னை மரம் ஏறுபவர்களுக்கென்று தென்னை வளர்ச்சி வாரியத்தில் 'கேர சுரக்ஷா' என்ற விபத்துக் காப்பீடு இருக்கிறது. விபத்துக்கு முன்பே சேர்ந்திருக்க வேண்டும். அவர் சேர்ந்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால், அடுத்து வருகிறவரையாவது சேர்த்துவிட்டு ஏற்றுங்கள்.

அந்தக் கிளி

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பறவைப் பிரியர்கள் என்பதற்கு அத்தாட்சியாகக் கிளியைச் சொன்னீர்கள். பச்சைக்கிளியும் காட்டுப்பறவைதான். இப்போது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது, 2022 திருத்தத்துக்கு முன்பும் பாதுகாக்கப்பட்ட பறவைதான். நம் நாட்டுப் பறவைகளைப் பிடித்து விற்பது 1990-களின் தொடக்கத்திலிருந்தே தடை. பத்து வருடம் வளர்த்தால் அனுபவ பாத்தியதை வந்துவிடும் என்பது நிலத்துக்கு வேண்டுமானால் பேசலாம், கிளிக்குக் கிடையாது. 2024 தேர்தல் சமயத்தில் கடலூரில் ஒரு வேட்பாளருக்கு ஜோசியம் சொன்னவரிடமிருந்து வனத்துறை கிளிகளைப் பறிமுதல் செய்த செய்தியைப் படித்திருப்பீர்கள். லவ் பேர்ட்ஸ், பட்ஜீஸ், காக்கட்டீல் மாதிரி வெளிநாட்டு இனங்கள் வேறு கணக்கு, அவற்றோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

குஞ்சுக்காக வரும் வனத்துறையினர் திண்ணையில் தொங்கும் கூண்டைப் பார்க்காமல் போக மாட்டார்கள். அதனால் போனில் பேசும்போதே, "வீட்டில் ஒரு கிளியும் இருக்கிறது, அதையும் ஒப்படைக்கிறோம்" என்று சொல்லிவிடுங்கள். இரண்டாம் அட்டவணைக் குற்றங்களுக்கு, அதிகாரி ஒப்புக்கொண்டால் தொகை கட்டி வழக்கில்லாமல் முடித்துக்கொள்ள 54-வது பிரிவு இடம் தருகிறது. முதல் அட்டவணைக்கு அந்த வழி இல்லை. அதிகாரி வருவதற்குள் கூண்டைத் திறந்துவிடுவோம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இறக்கை வெட்டிய, பத்து வருடம் கையில் தின்ற கிளி முதல் நாளே காகத்துக்கோ பூனைக்கோ இரையாகிவிடும்.

மாமியார் அழுவார். கிளி எங்கே வைக்கப்படும், போய்ப் பார்க்க முடியுமா என்று வனச்சரகரிடம் அவரையே கேட்கச் சொல்லுங்கள். கேட்பதில் தவறில்லை.